நீர் மறைக்கும் குறைகள்

முல்லைத்தீவிலிருந்து தெற்கு நோக்கிக் கொக்குளாய்க்குச் செல்லும் கரையோர வீதி, செம்மலையைக் கடந்ததும் நாயாற்றுக் கடல்நீரேரியின் வாயிலை வந்தடைகின்றது. கோடையில் அவ்வாயிலைக் கடல் கொண்டுவரும் மணல் அடைத்துவிடும். மாரியில் வன்னிக் காட்டு நிலங்களிற் பெய்த மழை திரண்டு வந்து அம்மணலை உடைத்துக்கொண்டு கடலிற் கலக்கும். ஒருபுறம் உவர்நீரும் மறுபுறம் மழைநீரும் இடையே ஆண்டுதோறும் இடம்மாறும் மணலுமாக உள்ள இத்தகைய இடத்திலே ஒரு பாலத்தை நிலைநிறுத்தி வைத்திருப்பது எளிதான செயலன்று. கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்குளாய் முதலிய ஊர்களின் மக்கள் முல்லைத்தீவிலுள்ள வைத்தியசாலைக்கும் கச்சேரிக்கும் செல்வதற்குரிய கரையோர வழி இதுவே. 1984 இல் இடம்பெயர்ந்து, கால் நூற்றாண்டுக்கு மேலாக அகதி வாழ்வு வாழ்ந்து மீண்டு வந்தவர்கள் இவ்வூர்களிற் பலர். அவர்களுக்கு ஒரு பாலத்தின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலோடு வந்த பெருமழை நாடெங்கும் பாலங்களைச் சிதைத்தபோது நாயாற்றுப் பாலமும் சேதமுற்றது. அந்நாட்களில் எங்கும் கேட்ட பேச்சு, வெள்ளம் வந்தது, பாலம் போயிற்று என்பதே. வெள்ளம் ஓர் இரவில் வந்து போவது. ஆயினும் நீருக்குள் நிற்கும் ஒரு கட்டுமானத்தின் பலவீனம் பெரும்பாலும் ஓர் இரவில் உண்டாவதன்று. பல ஆண்டுகளாகக் கண்ணுக்குப் புலப்படாமல் வளர்ந்த குறையொன்றின் கடைசி நாளிலேதான் வெள்ளம் வந்து சேருகின்றது. குறித்த பாலமொன்று எக்காரணத்தாற் சேதமுற்றது என்று கூறுதல் பொறியியலாளரின் கடன். நான் கலைப்பீடத்திலே புவியியல் பயிலும் மாணவன். எனினும் அக்கரையோரத்தைச் சேர்ந்தவன் என்ற வகையில் ஒரு வினா என்னை விடாது தொடர்ந்தது. நீருக்கடியில் நிற்கும் உருக்கின் குறையை, அது விழுவதற்கு முன்னரே காண்பதற்கு வழியுண்டா? அவ்வினாவின் பின்னே சென்று நான் அறிந்தவற்றையும் அவற்றிலிருந்து எனக்குத் தோன்றியவற்றையும் இக்கட்டுரையிலே கூற விழைகின்றேன்.

முதலில் உருக்கு எவ்வாறு கெடுகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். உருக்குக்கும் கடல்நீருக்கும் உள்ள பகை எங்கள் கரையில் எல்லோரும் அறிந்ததே. 2006 டிசெம்பரில் முல்லைத்தீவுக் கடலிலே தரைதட்டிய ‘பாரா 3’ என்ற அரிசிக் கப்பல், போர் முடிந்த பின்னரும் சில ஆண்டுகள் கரையோரம் கறள் பிடித்து நின்றதை அவ்வழியாற் சென்றோர் கண்டிருப்பர். ஆனால் அங்கு நாம் கண்டது நீருக்கு மேலே தெரிந்த கறளை மாத்திரமே. நீர்மட்டத்துக்குக் கீழே நிகழும் கேடு வேறு வகைப்பட்டது. அதனை மூன்றாக வகுத்துக் கூறலாம்.

முதலாவது, உலோகம் மெலிதல். கடல்நீரில் மூழ்கியுள்ள உருக்கு வழக்கமாக மிக மெதுவாகவே தேய்கின்றது. ஆனால் 1980களிலிருந்து ஐரோப்பியத் துறைமுகங்களிலே பெரிதும் கவனிக்கப்பட்டுவரும் அரிப்பு வகையொன்று, வற்றுநீர் மட்டத்தையொட்டிய குறுகிய வலயத்திலே ஆண்டுக்கு அரை மில்லிமீற்றருக்கும் மேலாக உருக்கைத் தின்றுவிடுகின்றது. அவ்வேகத்திற் பத்து மில்லிமீற்றர் தடிப்புள்ள தகடொன்று இருபது ஆண்டுகளுக்குள் துளையாகிவிடும். இதற்குக் காரணமாயிருப்பவை நுண்ணுயிர்கள். அவற்றுள் ஒரு சாரார், எங்கள் கடல்நீரேரிச் சேற்றைக் கிளறும்போது கூழ்முட்டை நாற்றத்தை எழுப்பும் அதே இனத்தைச் சேர்ந்த பற்றீரியாக்கள். இவ்வரிப்பு நிகழும் இடத்தில் மேலே செம்மஞ்சள் நிறத் திட்டும், அதன்கீழே கரிய சேறும், அச்சேற்றைக் கழுவினால் குழிவிழுந்து பளபளக்கும் உலோகமும் காணப்படும்.

இரண்டாவது, வெடிப்பு. ஒரு கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்து நிமிர்த்தினால் ஈற்றில் அது ஒடிந்துவிடுவதை எல்லோரும் அறிவோம். அலையும் வாகனமும் காற்றும் ஓர் உருக்குச் சட்டகத்தை நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான தடவைகள் அசைக்கின்றன. உருக்கை உருக்கி ஒட்டிய இடங்களிலே, தலைமயிரினும் மெல்லியதாகத் தொடங்கும் வெடிப்பு அவ்வசைவினாற் சிறிது சிறிதாக நீளுகின்றது. மூன்றாவது, காலைச் சுற்றியுள்ள மண் அரிந்துபோதல். ஓடும் நீர் தூணொன்றிலே மோதிச் சுழலும்போது அடிமண்ணைத் தோண்டி எடுத்துச் செல்லும். உருக்கிலே எக்குறையும் இல்லாதபோதும் நிற்பதற்கு நிலம் இல்லாமற் போகும். வெள்ளம் வடிந்தபின் அக்குழியிலே புதுமணல் வந்து நிரம்பிவிடுவதுண்டு. ஆகவே மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அங்கு குழி இருந்ததே தெரியாது.

இனி, இக்கேடுகளைக் காண்பதற்குரிய கருவிகளுக்கு வருவோம். மனிதன் முதலில் நம்புவது ஒளியை. சுழியோடியின் கையிலோ, நீரினுள் இயங்கும் சிறு ஊர்தியிலோ கமராவைப் பொருத்திப் படம் எடுக்கலாம். ஒன்றன்மேல் ஒன்று படியும்படி பல நூறு படங்களை எடுத்துக் கணினியிலே இணைத்தால் தூணின் முப்பரிமாண வடிவத்தையே பெறமுடியும். தெளிந்த நீரில் இது போதுமானது. ஆனால் மாரியில் நாயாற்று வாயிலின் நீர் கலங்கிய நீர். அதிலே விளக்கைப் பிடிப்பது மூடுபனியில் மோட்டார் வண்டியின் விளக்கைப் போட்டாற்போன்றது. மிதக்கும் மண்துகள்கள் ஒளியைத் திருப்பி எறிய, கமராவுக்குத் தெரிவது வெண்மை ஒன்றே. நீர் தெளிந்திருந்தாலும் உருக்கின்மீது சிப்பியும் பாசியும் தடித்துப் படிந்திருக்கும். அவற்றைச் சுரண்டி அகற்றாமல் எடுக்கும் படம் சிப்பியின் படமேயன்றி உருக்கின் படமாகாது.

ஒளி தோற்கும் இடத்திலே ஒலி துணைவருகின்றது. கலங்கல் நீர் ஒலிக்குப் பெருந்தடையன்று. நீரிலே செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் வேகத்திற் செல்லும் ஒலியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு படம் வரைவதே சோனார். தூணடியிலுள்ள குழி, வளைந்த சட்டம், கழன்றுபோன பகுதி ஆகியவற்றை அது இருளிலும் காட்டும். ஆனால் அதன் பார்வை கூர்மையானதன்று. ஒரு மெகாஹேட்ஸ் மீடிறனுடைய ஒலியின் அலைநீளம் நீரிலே ஒன்றரை மில்லிமீற்றர். தலைமயிர் அகலமுள்ள வெடிப்பொன்றை அத்தகைய அலையிடம் எதிர்பார்த்தல் பொருந்தாது. தூரத்தைக் காட்டும் கருவி நுணுக்கத்தைக் கைவிடுகின்றது.

அதே ஒலியை நீரிலன்றி உருக்கின் உள்ளேயே செலுத்தினால் வேறொரு பயன் கிட்டுகின்றது. உருக்கிலே ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 5900 மீற்றர். பத்து மில்லிமீற்றர் தடிப்புள்ள தகட்டின் மறுபக்கத்தைத் தொட்டுத் திரும்ப அதற்கு ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் 3.4 பங்கு நேரம் செல்லும். அந்நேரம் 2.4 ஆகக் குறைந்திருந்தால், தகட்டிலே எஞ்சியிருப்பது ஏழு மில்லிமீற்றர் என்று அறியலாம். மனிதக் காதுக்கு எட்டாத இக்கழியொலியின் வரலாறும் கடலோடு தொடர்புடையதே. நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிவதற்காக முதலாம் உலகப் போரின்போது பிரான்சிலே போல் லாஞ்செவன் உருவாக்கிய முறையினின்றே அது வளர்ந்தது. 1928 இல் சோவியத் அறிஞர் சொக்கொலொவ் உலோகத்தின் குறைகளை அதனாற் காணலாம் என்று முன்மொழிந்தார். 1940களில் அமெரிக்காவின் பயர்ஸ்ரோன் அதனை நடைமுறைக் கருவியாக்கினார். கடலிலே பகைவனைத் தேடப் பிறந்த ஒலி, உலோகத்துக்குள்ளே புகுந்து குறையைத் தேடக் கற்றுக்கொண்டது.

மெல்லிய வெடிப்பைக் காண்பதற்குக் காந்தமும் மின்னும் வேண்டும். உருக்கைக் காந்தமாக்கி, ஒளிரும் சாயமூட்டிய நுண்ணிய இரும்புத் துகள்களை அதன்மேற் பரவவிட்டால், வெடிப்புள்ள இடத்திலே அவை கோடாகத் திரளும். ஊதாக் கடந்த ஒளியிலே அக்கோடு நீருக்கடியிலும் மிளிரும். ஆனால் அதற்கு உருக்கு வெறும் உலோகம் தெரியும்வரை துப்புரவாக்கப்பட வேண்டும். 1980களில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே உருவான மற்றொரு முறை, உருக்கின் மேற்பரப்பிலே ஆடலோட்ட மின்னைத் தூண்டி, வெடிப்பினால் அதன் காந்தப்புலத்தில் உண்டாகும் குழப்பத்தை அளக்கின்றது. மெல்லிய பூச்சின் மேலாகவே வெடிப்பின் நீளத்தையும் ஆழத்தையும் அது கூறவல்லது. எனினும் இவ்விரண்டும் பார்க்கவேண்டிய இடத்துக்கு மிக அருகே கொண்டுசெல்லப்பட வேண்டியவை.

இவ்வாறு நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. தொலைவிலிருந்து முழுவதையும் காட்டும் கருவி நுண்ணிய குறையைக் காணாது. நுண்ணிய குறையைக் காணும் கருவி, காணவேண்டிய இடத்தை முன்கூட்டியே அறிந்தவருக்கு மாத்திரமே பயன்படும். எனவே ‘எங்கே பார்ப்பது?’ என்ற வினாவுக்குக் கருவிக்கு வெளியிலிருந்தே விடை வரவேண்டியுள்ளது.

இவ்விடத்திலே என் சித்தப்பா கூறிய ஒன்று நினைவுக்கு வருகின்றது. அவர் கடற்றொழிலாளி. வலை அடியிலுள்ள பழைய இரும்புகளிற் சிக்கும்போது மூச்சடக்கிச் சுழியோடி விடுவிப்பவர். கலங்கல் நீரில் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். “கீழ கண்ணுக்கு ஒண்டும் தெரியாது தம்பி. கைதான் கண். தடவிக்கொண்டு போனா எங்க தின்னுப்பட்டிருக்கெண்டு விரல் சொல்லும்” என்றார். அதனை ஒரு தொழிலாளியின் அனுபவப் பேச்சாகவே அன்று கருதினேன். பின்னர் நீரடிச் சோதனை பற்றிப் படித்தபோது, பொறியியல் மரபு அச்சோதனையை மூன்று படிகளாக வகுத்திருப்பதைக் கண்டேன். கண்ணாலும் கையாலும் முழுவதையும் ஆராய்தல் முதற்படி. தெரிந்தெடுத்த இடங்களிலே படிவுகளை அகற்றிப் பார்த்தல் இரண்டாம் படி. கருவிகளால் அளத்தல் மூன்றாம் படி. கையினாற் தடவிப் பார்த்தல் என்பது இன்றும் முறைப்படி எழுதிவைக்கப்பட்ட ஒரு படியாகும். எங்கே நீரோட்டம் மோதுகின்றது, எந்த மாரியில் எப்பக்கம் வாய் உடைந்தது, எந்தத் தூணடியில் ஆழம் கூடியுள்ளது என்பனவற்றை ஊரிலுள்ள தொழிலாளர் அறிவர். அவ்வறிவு கருவிக்கு வழிகாட்டவல்லது.

கருவியும் இருந்து, அறிவும் இருந்து, இழப்பு நேர்ந்த வரலாறுகளும் உள. அவற்றுள் மூன்றை இங்கு நோக்கலாம்.

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலே ஸ்கோஹாரி ஆற்றின் மேலமைந்த நெடுஞ்சாலைப் பாலம் 1987 ஏப்பிரல் 5 ஆம் நாள் வெள்ளத்திலே வீழ்ந்து பத்துப்பேர் மாண்டனர். அதன் தூணடிகள் கொங்கிறீற்றினாலானவை. தூணடி மண் அரிந்து போனமையே வீழ்ச்சிக்குக் காரணம். பாலத்தின் மேற்பகுதி காலந்தோறும் சோதிக்கப்பட்டிருந்தது. நீருக்கடியிலுள்ள பகுதியோ அவ்வாறு சோதிக்கப்படவில்லை. அதன் பின்னரே, நீரிலே நிற்கும் பாலங்களின் அடிப்பகுதியைக் குறித்த கால இடைவெளியிற் சோதிக்கவேண்டும் என்ற விதி அந்நாட்டிலே நடைமுறைக்கு வந்தது. இங்கு குறை, பார்க்காமை.

போர்த்துக்கல் நாட்டிலே டூரோ ஆற்றின் மேலிருந்த ஹின்ற்ஸே ரிபெய்ரோ பாலம் 2001 மார்ச் 4 ஆம் நாள் இரவு முறிந்தது. சுற்றுலா சென்று திரும்பிய பேருந்து ஒன்றும் கார்களும் ஆற்றில் வீழ்ந்து 59 பேர் உயிரிழந்தனர். ஆற்றிலே நெடுங்காலம் மணல் அகழ்ந்தமையால் தூணின் அடி வலுவிழந்திருந்தது. சுழியோடிகளும் தொழில்நுட்பவியலாளரும் அதுபற்றி முன்னரே எச்சரித்திருந்தனர். எவரும் செயற்படவில்லை. பொறுப்பான அமைச்சர் உடனேயே பதவி விலகினார். ஆனால் எச்சரிக்கை வந்த நாளிற் செய்யவேண்டியிருந்ததை அது ஈடுசெய்யவில்லை. இங்கு குறை, பார்த்தும் செயற்படாமை.

மூன்றாவது, வடகடலிலே 1980 மார்ச் 27 ஆம் நாள் கவிழ்ந்த ‘அலெக்சாண்டர் கீலாண்ட்’ என்ற நோர்வே நாட்டு மிதவை மேடை. அதிலிருந்த 212 பேரில் 123 பேர் மாண்டனர். நீரிலே மூழ்கியிருந்த உருக்குத் தாங்கிகளுள் ஒன்று முறிந்தமையே காரணம். அத்தாங்கியிலே, நீரினுள் ஒலி கேட்கும் கருவியொன்றைப் பொருத்துவதற்காகச் சிறியதொரு பிடியை ஒட்டியிருந்தனர். அவ்வொட்டு வேலை செவ்வையாக அமையவில்லை. அங்கிருந்தே வெடிப்புத் தொடங்கியது. விபத்தின்பின் முறிந்த முகத்தை ஆராய்ந்தபோது வெடிப்பினுள்ளே பூச்சின் தடயம் காணப்பட்டது. அதாவது, மேடைக்கு நிறம் பூசப்பட்ட நாளிலேயே அவ்வெடிப்பு அங்கிருந்தது. கடலுக்குச் செல்லுமுன்னரே அவ்வுருக்கு நோயுற்றிருந்தது. நீரடியை ஒலியால் அறிவதற்கென வைத்த கருவியின் பிடியே அந்த நோயின் பிறப்பிடமானது நெஞ்சை உறுத்துகின்றது.

இம்மூன்றாவது நிகழ்ச்சியே என்னை மிகவும் சிந்திக்கவைத்தது. குறை என்று நாம் கூறுவது யாது? ஒரு படத்திலே தெரியும் கோடு வெடிப்பா, கட்டும்போதே ஏற்பட்ட கீறலா என்பதை அப்படம் தனியே கூறமாட்டாது. ஏழு மில்லிமீற்றர் என்று கருவி காட்டினால், தொடக்கத்தில் அது பத்தாக இருந்தது என்று அறிந்தவருக்கே அந்த ஏழு அச்சந்தரும். தூணடியில் இன்றுள்ள ஆழம் எவ்வளவு என்பது, சென்ற ஆண்டு ஆழம் எழுதிவைக்கப்பட்டிருந்தாலே பொருள்படும். ஆகவே குறை என்பது இரு காலங்களுக்கிடையிலுள்ள வேறுபாடு. முதற்காலத்தின் பதிவு இல்லையெனில், எத்துணை நுட்பமான கருவியும் பாதிச் செய்தியையே தரும். வரலாறும் புவியியலும் பயிலும் எமக்கு இது புதிய கருத்தன்று. பழைய நிலப்படம் இல்லாமற் கரையோரம் எவ்வளவு அரிந்துள்ளது என்று எவராற் கூறமுடியும்?

இன்று இக்கருவிகள் எமக்கு எட்டாத தொலைவிலும் இல்லை. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலே வளர்ந்து 2015 இல் நிறுவப்பட்ட பிளானிஸ் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம், கமராவும் சோனாரும் கழியொலித் தடிப்பளவியும் பொருத்திய நீரடி ஊர்திகளைத் தானே ஆக்கி, அணைகளையும் பாலங்களையும் துறைமுகங்களையும் சோதித்து வருகின்றது. எடுத்த படங்களிலே வெடிப்பையும் கறளையும் கணினியே இனங்காணும் முறைகளும் வளர்ந்து வருகின்றன. ஆயிரக்கணக்கான படங்களைச் சலியாது நோக்கும் திறன் கணினிக்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் தான் கற்ற படங்களை ஒத்தவற்றையே அது நன்கு அறியும். தெளிந்த நீரின் படங்களைக் கற்ற கணினி, எங்கள் கலங்கல் நீரிலே பாசியின் நிழலை வெடிப்பென்றும் வெடிப்பைப் பாசியின் நிழலென்றும் மயங்கக்கூடும். எங்கள் நீரிலே எடுத்த படங்கள் திரட்டப்பட்டாலன்றி அம்மயக்கம் தீராது.

முல்லைத்தீவு மாவட்டத்திலே நந்திக்கடலின் வாயிலிலுள்ள வட்டுவாகற் பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலம் அமைக்கும் வேலை 2025 செப்டெம்பரிலே தொடக்கிவைக்கப்பட்டது. புயலினாற் சேதமுற்ற ஏனைய பாலங்களும் ஒவ்வொன்றாகச் சீர்பெறவேண்டியுள்ளன. ஆதலால் இதுவே முதற்பதிவுக்கு உரிய காலம். ஒரு பாலம் போக்குவரத்துக்குத் திறக்கப்படுமுன், நீருக்கடியிலுள்ள அதன் ஒவ்வொரு காலையும் படம்பிடித்து, உருக்கு உள்ள இடங்களிலே தடிப்பை அளந்து, அடிமண்ணின் ஆழத்தைச் சோனாரால் வரைந்து வைத்தல் வேண்டும். பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுப்பது போன்றதே அது. பின்னர் ஒவ்வொரு மாரி கழிந்ததும் அதே இடங்களை மீண்டும் நோக்கவேண்டும். எங்கள் கடலிலே வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. மழையாலும் மணலாலும் ஏறி இறங்கும் கடல்நீரேரியின் நீர்மட்டத்தையும் சேர்த்துக்கொண்டாலும், அரிப்புக்கு இலக்காகும் வலயம் மிகப் பெரிதன்று. ஆகவே அதனைக் கண்காணித்தல் பெருஞ்செலவு பிடிக்கும் காரியமாகாது. எல்லா இடத்துக்கும் ஊர்திகள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஆழம் அளக்கும் கயிறும் பயிற்சிபெற்ற சுழியோடியும் ஒரு பதிவுப் புத்தகமும் கொண்டு தொடங்கலாம்.

அப்பதிவுகள் திணைக்கள அலுமாரியிலே பூட்டப்பட்டுக் கிடத்தலாகாது. அவற்றின் பிரதி பிரதேச சபையிலும் ஊர் நூலகத்திலும் இருத்தல் வேண்டும். டூரோ ஆற்றிலே எச்சரிக்கை இருந்தது. அதனை அறிந்து கேள்வி கேட்கும் நிலையிலே பாலத்தைக் கடந்த மக்கள் இருக்கவில்லை. எங்கள் பங்குக்கு, பல்கலைக்கழக மாணவராகிய நாமும் ஒன்று செய்யலாம். நாயாற்று வாய் எந்தெந்த ஆண்டில் எந்நாளிலே உடைத்தது, எவ்விடத்தில் உடைத்தது, நீரோட்டம் எப்பக்கம் திரும்பியது என்பன இன்னும் முதியவர்களின் நினைவிலேயே உள்ளன. அடுத்த விடுமுறையில் நாயாறு, செம்மலை, அளம்பில் ஆகிய ஊர்களின் கடற்றொழிலாளரைச் சந்தித்து அவற்றைக் கேட்டு எழுதத் தொடங்குவதாக எம் துறை நண்பர் சிலர் உடன்பட்டுள்ளோம். நீருக்குள் அனுப்பப்படும் கருவி எப்போது அங்கு வந்து சேர்ந்தாலும், முதலில் எத்தூணின் எப்பக்கத்தை நோக்கவேண்டும் என்று கேட்பவருக்கு அவ்வேடு பயன்படும்.